இருட்டில் ஒளிர்ந்த கிணற்றுத் தண்ணீர்

சில வருடங்களுக்கு முன்பு, கார்த்திகை தீபம் முடிந்த கையோடு, சென்னை அபிராமபுரத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டில் நடந்தது இது. பழைய மூன்று மாடிக் கட்டடம். நாங்கள் முதல் மாடியில் வாடகைக்கு இருந்தோம். இதை யாரிடமாவது சொல்ல ஆரம்பித்தால், பாதியிலேயே "பேய்க் கதையா?" என்று கேட்டுவிடுகிறார்கள். பேய்க் கதையாக இருந்திருந்தால் நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

முதலில் என் சுபாவத்தைச் சொல்லிவிடுகிறேன். தி. நகரில் பாத்திரக் கடை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவள் நான். காலையில் கடை திறந்ததும் எலுமிச்சம்பழம் கட்டுவது, முதல் வியாபாரத்துக்கு ராசியான கை தேடுவது எல்லாம் பார்த்துப் பார்த்து அலுத்துப்போனவள். சகுனம், திருஷ்டி என்று யாராவது ஆரம்பித்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பையன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு, விட்ட இடத்திலிருந்து படிப்பைப் பிடித்து, வேதியியல் ஆராய்ச்சியில் சேர்ந்தேன். அடையாறு பக்கத்தில் ஆய்வுக்கூடம். வீட்டில் சாம்பார் வைத்துவிட்டு அங்கே போய்த் தண்ணீரோடு மல்லுக்கட்டுவது என் பிழைப்பு.

அந்த ஆராய்ச்சியைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது புரியும். தண்ணீரில் வெயில் படும்போது, அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜனில் ஒரு பங்குக்கு வெறி பிடித்துவிடும். எதைத் தொட்டாலும் அரிக்கும். ஆனால் அதற்குக் கண் இமைக்கிற நேரம்கூட ஆயுள் கிடையாது. அதை நேரடியாகப் பிடிப்பது நடக்காத காரியம். லஞ்சம் வாங்குகிறவரைப் பிடிக்க ரூபாய் நோட்டில் ஒரு பொடியைத் தடவிக் கொடுப்பார்கள் இல்லையா? பணத்தை ஒளித்துவிட்டாலும், அவர் கையைக் கரைசலில் முக்கினால் நிறம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். நாங்களும் அப்படித்தான் செய்வோம். தண்ணீரில் ஒரு வெள்ளைப் பொடியைக் கரைத்து வைப்போம். வெறி பிடித்த ஆக்சிஜன் அதைத் தொட்டுவிட்டு மறைந்துபோகும். பிறகு இருட்டறையில் புற ஊதா விளக்கைப் போட்டால், தொடப்பட்ட தண்ணீர் நீலமாக ஒளிரும். தொடப்படாத தண்ணீர் கறுப்பாகவே இருக்கும்.

ஒவ்வொரு தண்ணீருக்கும் இரண்டு சோதனைக் குழாய்கள். ஒன்றை மொட்டை மாடியில் வெயிலில் வைப்போம். இன்னொன்றை அலுமினியத் தாளால் சுற்றிக் கறுப்புப் பெட்டிக்குள் பூட்டுவோம். இதற்கு இருட்டுக் குழாய் என்று பெயர். சும்மா இருப்பதுதான் அதன் வேலை. வெயில் படாததால் அது ஒளிரக் கூடாது. ஒளிர்ந்தால் எங்கேயோ கை தவறிவிட்டது என்று அர்த்தம்.

மயிலாப்பூர் குளத்துத் தண்ணீர், அடையாறு முகத்துவாரத்துத் தண்ணீர், கொட்டிவாக்கத்தில் ஒரு தோழி வீட்டு போர் தண்ணீர் என்று ஊரெல்லாம் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். கூடவே, இதுவும் இருக்கட்டுமே என்று, எங்கள் கட்டடத்துக் கிணற்றுத் தண்ணீரையும் எடுக்க நினைத்தேன்.

எங்கள் கிணற்றைப் பார்த்தால் கிணறு என்றே தெரியாது. அடுக்குமாடி கட்டும்போது அதன் வாயைக் கான்கிரீட் போட்டு மூடி, மேலே கார் நிறுத்த இடம் பண்ணிவிட்டார்கள். ஓர் ஆள் இறங்குகிற அளவுக்கு ஒரு சதுர ஓட்டை, அதற்கு ஓர் இரும்பு மூடி. திறந்தால் சுவரில் பதித்த இரும்புப் படிகள் கீழே போகும். கொஞ்ச தூரத்தில் ஒரு மேடை, அதில் மோட்டார். அதற்கும் கீழே தண்ணீர். அந்த வருடம் பெய்த மழையில் தண்ணீர் ஏறி மோட்டார் மூழ்கிவிட்டது. பிறகு தண்ணீர் இறங்கினாலும் மோட்டார் எழுந்திருக்கவில்லை. மழைக்குப் பிறகு சென்னையில் எல்லார் வீட்டு மோட்டாருக்கும் அதே கதி என்பதால் பழுது பார்க்கிறவர் கைக்குச் சிக்கவில்லை. வாரக்கணக்கில் அந்த மூடியை யாரும் திறக்கவே இல்லை.

கார்த்திகை அன்று சாயங்காலம்தான் திறந்தோம். திறக்கச் சொன்னது கீழ் வீட்டு மாமி.

மாமி வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கணவர் காலமாகிவிட்டார், பிள்ளை வெளிநாட்டில். கிரெடிட் கார்டு விற்கக் கூப்பிடுகிறவர்களை ஆங்கிலத்திலேயே ஓட ஓட விரட்டுவார். அதே மாமி காலையில் குளித்து, ஈரம் பிழிந்து உலர்த்திய மடிப்புடவையைக் கட்டிவிட்டால் பூஜை முடியும்வரை யாரையும் தொட மாட்டார். ஊரிலிருந்து வந்த பிள்ளையைக்கூட "தள்ளி நில்லு, மடியா இருக்கேன்" என்று வாசலிலேயே நிறுத்தினதை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் இருவருக்கும் தினமும் ஏதாவது வாக்குவாதம் நடக்கும். அது இல்லாவிட்டால் இருவருக்கும் பொழுது போகாது.

கார்த்திகைக்கு வீடெங்கும் அகல் வைத்துவிட்டு, கிணற்றுக்கும் ஒன்று வைப்பது மாமியின் வழக்கம். வெறும் மூடி மேல் வைத்தால் கணக்கில் சேராது, உள்ளே இறக்க வேண்டும். அதற்காக எங்கள் கடையிலிருந்து ஒரு பழைய பித்தளைத் தராசுத் தட்டை நான்தான் கொண்டுவந்து கொடுத்திருந்தேன். தட்டில் அகலை வைத்து, சங்கிலியில் கயிறு கட்டி, மோட்டார் மேடை வரைக்கும் மெதுவாக விட்டால் விளக்கு உள்ளே நின்று எரியும். மற்ற வருடங்களில் நானே எட்டிப் பார்த்து ரசித்திருக்கிறேன். அந்த வருடம் மாமிக்கு முழங்கால் வலி. கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டார்.

ஒரு முழம் இறங்கியிருக்கும். சுடர் சின்னதாக ஆரம்பித்தது. காற்றில் அணைகிற சுடர் ஆடும், சாயும், படபடக்கும். இது ஆடவே இல்லை. நேராக நின்றபடியே குறுகியது. நீலமாகி, ஒரு பொட்டளவு ஆகி, இல்லாமல் போனது.

மேலே இழுத்து மறுபடி ஏற்றினோம். வெளியே ஜம்மென்று எரிந்தது. மறுபடி இறக்கினேன். அதே இடம் வந்ததும் அதே மாதிரி குறுகி அணைந்தது. எனக்குப் பின்கழுத்தில் மயிர் சிலிர்த்தது. அதை மறைக்க நான் சிரித்தேன்.

"காத்தே இல்லையேடி. உள்ளே யாரோ உக்காந்துண்டு மூச்சை இழுத்துக்கற மாதிரின்னா இருக்கு" என்றார் மாமி.

திரி ஈரமாக இருக்கும், எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கும் என்று நான் ஒன்றுக்கு இரண்டு காரணம் சொன்னேன். மாமி அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகவே தெரியவில்லை. விளக்கை மூடி மேல் வைத்து, ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டார். ராத்திரி சாப்பாட்டின்போது என் கணவரிடம் இதைச் சொல்லிக் கிண்டல் அடித்தேன்.

அடுத்த நாள் மூடியை லேசாகத் தள்ளி, கயிறு கட்டிய பாட்டிலைக் கிணற்றுக்குள் விட்டேன். முதலில் தெளிந்த தண்ணீர் வந்தது. காற்றுக் குமிழி இல்லாமல் தளும்பத் தளும்ப நிரப்பி மூடினேன். இன்னொரு சாதாரணப் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை விட்டபோது அது அடிவரை போய், கரிய சேற்றோடு அரை பாட்டில் மட்டும் நிரம்பி வந்தது. துருவும் அழுகிய இலையும் கலந்த ஒரு வாடை. சேறும் ஒரு நாள் பயன்படும் என்று அதையும் இறுக்கி மூடி எடுத்துப்போய், ஆய்வுக்கூடத்தில் என் மேஜை ஓரத்தில் வைத்தேன். பிறகு அதை மறந்தே போனேன்.

தெளிந்த தண்ணீரைச் சோதனைக்கு வைத்தேன். மத்தியானம் இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, இருட்டுக் குழாய்களை வரிசையாக நிறுத்தி விளக்கைப் போட்டேன். குளத்துத் தண்ணீர் கறுப்பு. முகத்துவாரம் கறுப்பு. கொட்டிவாக்கம் கறுப்பு. கடைசியில் எங்கள் வீட்டுக் குழாய் நீலமாக ஒளிர்ந்துகொண்டிருந்தது. வெயிலில் வைத்தவைகூட அவ்வளவு பளிச்சென்று ஒளிர்ந்ததில்லை.

பக்கத்து மேஜைத் தோழியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பாட்டில மாத்திட்டீங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நானும் குறிப்பில் "பிழை" என்று எழுதினேன். மறுநாள் புதுத் தண்ணீர் எடுத்துவந்து, புதுக் குழாயில், சிவப்பு பல்பின் மங்கிய வெளிச்சத்தில் எல்லாவற்றையும் செய்தேன். ஒரு துளி வெயில்கூட அதைப் பார்க்கவில்லை. விளக்கைப் போட்டால் மறுபடியும் அதே நீலம். சுற்றிலும் கும்மிருட்டு, நடுவில் அது மட்டும். பழக்கப்பட்ட அறைதான், இருந்தும் யாரோ என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிற உணர்வு. பொய் சொல்வானேன், கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டேன்.

என் வழிகாட்டிப் பேராசிரியர், "நீங்கள் மூடியைத் திறக்கும்போதே உள்ளே வெயில் போயிருக்கும். வெளிச்சமே படாத தண்ணீராகக் கொண்டு வாருங்கள்" என்றார். நியாயமாகத்தான் பட்டது. வீட்டுக்கு வந்ததும் இரும்பு மூடியை இழுத்துச் சாத்தி, சுற்றி இருந்த இடுக்குகளில் எல்லாம் ஈரச் சாக்கைத் திணித்தேன். ஒரு கீற்று வெளிச்சம் போக வழி இல்லை. என் வேலையை நானே மெச்சிக்கொண்டேன்.

கடைசியில் மோட்டார்காரரும் அகப்பட்டார். எங்கள் பக்கத்துத் தெருக்களில் பாதி வீடுகளின் மோட்டார் அவர் கையில்தான். ஸ்கூட்டரில் வந்து, வாசலில் நின்று ஒரு டீ குடித்து, ஊர்க்கதை பேசிவிட்டுத்தான் ஸ்பேனரைத் தொடுவார். காலையில் நான் கிளம்பும்போது, மதியத்துக்குள் வருகிறேன் என்று போனில் சொல்லியிருந்தவர் தெருமுனையிலேயே எதிர்ப்பட்டார். வேறு ஒரு வீட்டு வேலையை முடித்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வருவதாகத் திட்டம். நான் அலுமினியத் தாள் சுற்றிய ஒரு பாட்டிலை அவரிடம் கொடுத்தேன். கீழே இறங்கியதும் தலைக்கு மேலே மூடியைச் சாத்தச் சொல்லிவிட்டு, இருட்டில் இதில் தண்ணீர் பிடித்துத் தர வேண்டும், டார்ச்சைக்கூட பாட்டில் மேல் அடிக்கக் கூடாது என்றேன்.

"இன்னாம்மா இது, வெயிலு பட்டா தண்ணி கறுத்துப் பூடுமா?" என்று சிரித்தார். "சரி குடு, எறங்கத்தான போறேன். புட்ச்சி வெக்கிறேன்."

ஆய்வுக்கூடத்தில் மேஜையில் பையை வைத்தேன். அப்போதுதான் அந்தச் சேற்றுப் பாட்டில் கண்ணில் பட்டது. கன்னம் ஒட்டிப்போய், ஒரு பக்கம் உள்ளே மடிந்து, கோணலாக நின்றது. யாரோ வேண்டுமென்றே நசுக்கியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். தோழியைக் கேட்டேன். "நான் ஏன்க்கா அதைத் தொடப்போறேன், நாத்தம் பிடிச்சது" என்றாள்.

கையில் எடுத்து மூடியைத் திருகினேன். உஸ்ஸென்று ஒரு சத்தம். சோடா பாட்டிலைத் திறந்தால் வருகிற சத்தம் போல் இல்லை. அது வெளியே வரும், இது உள்ளே போனது. பாட்டில் படக்கென்று நிமிர்ந்து பழைய உருவத்துக்கு வந்தது.

மூச்சை இழுத்துக்கொண்டது என்று நினைத்தேன். நினைத்த மாத்திரத்தில் மாமியின் குரல் காதில் கேட்டது.

எல்லாம் ஒரே நேரத்தில் புரிந்தது. வாரக்கணக்கில் மூடிக் கிடந்த கிணற்றில் இலையும் சேறும் அழுகி, தண்ணீரில் இரும்பு கரைந்து கிடக்கிறது. அந்தத் தண்ணீர் காற்றுக்குப் பசித்துக் கிடக்கிறது. காற்று பட்டதும் அதிலுள்ள ஆக்சிஜனைத் தின்கிறது. தின்கிற அந்த இழுபறியில்தான் நான் தேடுகிற வெறி பிடித்த ஆக்சிஜன் பிறக்கிறது. அதற்கு வெயில் தேவையே இல்லை. இருட்டுக் குழாய் பொய் சொல்லவில்லை. குழாயில் நடந்தது, பாட்டிலில் நடந்தது, கிணற்றுக்குள்ளும் நடந்துகொண்டிருக்கிறது. தண்ணீருக்கும் இரும்பு மூடிக்கும் நடுவே இருக்கிற காற்றில் மூச்சு விடுவதற்கு ஒன்றும் மிச்சம் இருக்காது. அதனால்தான் சுடர் குறுகியது. கொஞ்சநஞ்சம் புதுக் காற்று போகிற இடுக்கையும் நான் சாக்கு வைத்து அடைத்திருந்தேன். அதற்குள் ஒரு மனிதரை இறங்கச் சொல்லி, மூடியையும் சாத்திக்கொள்ளச் சொல்லியிருந்தேன்.

மோட்டார்காரருக்குப் போன் போட்டேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. என் கணவர் பெருங்குடி அலுவலகத்தில், அவர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும். மாமிக்குப் போட்டேன். மாமியிடம் இருந்தது பழைய பட்டன் போன், சமையலறை ஜன்னலில் கிடக்கும். பூஜை வேளையில் அதை எடுக்கவே மாட்டார். முதல் தடவை எடுக்கவில்லை. இரண்டாவது தடவையும் எடுக்கவில்லை. மூன்றாவதில் எடுத்தார்.

"என்னடி, விடாம அடிச்சிண்டே இருக்கே? மடியா இருக்கேன். கரண்டிக் காம்பால அமுக்கிண்டு பேசறேன், சீக்கிரம் சொல்லு."

மோட்டார்காரர் வந்தாரா என்றேன்.

"அப்பவே வந்துட்டான். இதோ இறங்கிண்டிருக்கான். மூடியைச் சாத்துங்கோ மாமி, மேடம் சொல்லியிருக்காங்கன்னான். இரும்பை நான் தொடமாட்டேன், மடின்னுட்டேன்."

"மாமி, அவரை மேல வரச் சொல்லுங்க. உள்ள காத்து இல்ல. யாரும் இறங்கக் கூடாது!"

எதற்கெடுத்தாலும் என்னோடு வாதாடுகிற மாமி, அன்றைக்கு ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சமையலறைப் பின்வாசலைத் தாண்டினால் துளசிமாடம், அதை ஒட்டித்தான் கிணறு. போன் வழியாக எல்லாம் கேட்டது. "ஏம்பா! ஏறி வா மேலே! உள்ளே காத்து இல்லையாம்!" என்று மாமி கத்துவது கேட்டது. கிணற்றுக்குள்ளிருந்து மோட்டார்காரரின் குரல், எதிரொலியோடு வந்தது.

"இன்னா மாமி நீ, நான் பாக்காத கெணறா? காத்து கீத்துன்னு சொல்லிக்கினு... நம்ம கையில அதெல்லாம்..."

அந்த வாக்கியம் முடியவில்லை. மிச்சத்தைச் சொல்வார் என்று நான் காத்திருந்தேன். வரவில்லை.

கரண்டி தரையில் விழுந்து உருளும் சத்தம். மாமி யாரையோ கூவி அழைப்பது. பிறகு ஒன்றுமில்லை. போன் மட்டும் துண்டிக்கப்படாமல் இருந்தது.

நான் ஓடிவந்து ஆட்டோ பிடித்தேன். போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. "மாமி, மாமி" என்று கத்திக்கொண்டே வந்தேன். பதில் இல்லை. குக்கர் விசில் அடித்தது. ஒரு காக்கை கத்தியது. மறுபடி விசில். மாமி ஒரு விசில் அதிகமானாலே பதறி ஓடிவருகிறவர். விசில் மேல் விசில் அடிக்கிறது, அணைக்க யாரும் வரவில்லை. ஆட்டோ திரு.வி.க. பாலத்தில் ஏறியபோது கீழே ஆறு வெயிலில் பளபளத்தது. நான் தினமும் ரசித்து, பாட்டிலில் பிடித்துக்கொண்டு போகிற அதே ஆறு. பார்க்கப் பிடிக்காமல் கண்ணை மூடிக்கொண்டேன். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, "இன்னாம்மா, ஆஸ்பத்திரிக்கா?" என்றார். சீக்கிரம் போகச் சொன்னேன். சிறிது நேரத்தில் போனில் சார்ஜ் தீர்ந்து அந்தக் குக்கர் சத்தமும் நின்றுபோனது. அந்த நிசப்தத்தில் அபிராமபுரம் வருவதற்குள் செத்துப் பிழைத்தேன்.

பின்வாசலுக்கு ஓடினேன். துளசிமாடத்தில் சாய்ந்தபடி மோட்டார்காரர் உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்து, உதடு நிறம் மாறி இருந்தது, ஆனால் கண் திறந்திருந்தது. தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவர் பக்கத்தில் நின்று ஒரு துண்டால் விசிறிக்கொண்டிருந்தார். மாமி சிமெண்டுத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மடிப்புடவை முழுக்கத் துருவும் சேறும். முழங்கையில் சிராய்த்து ரத்தம். ஒரு கையில் மோட்டார்காரர் சட்டைக் காலரின் கிழிந்த துண்டு. இன்னொரு கையால் அவருடைய மணிக்கட்டைப் பிடித்திருந்தார். நான் வந்து நின்ற பிறகும் விடவில்லை.

நடந்ததை இஸ்திரிக்காரர்தான் சொன்னார். மோட்டார்காரருடைய தலை ஓட்டைக்குக் கொஞ்சம் கீழே இறங்கியதும் பேச்சு நின்று, படியைப் பிடித்திருந்த கை தளர ஆரம்பித்திருக்கிறது. மாமி அப்படியே குப்புறப் படுத்து, உள்ளே கைவிட்டு, ஒரு கையால் தலைமயிரையும் இன்னொரு கையால் காலரையும் பிடித்துக்கொண்டு கூவியிருக்கிறார். ஓடிவந்த இஸ்திரிக்காரர், தானும் உள்ளே இறங்கிக் கீழிருந்து தாங்குகிறேன் என்று காலை வைக்கப் போயிருக்கிறார். "இறங்கினா நீயும் போயிடுவே, மேலேர்ந்து தூக்கு" என்று மாமி அதட்டியிருக்கிறார். இரண்டு பேருமாக அவரை இழுத்து வெளியே போட்டிருக்கிறார்கள். மூடி சாத்தியிருந்தால் அவர் தலை யார் கண்ணுக்கும் பட்டிருக்காது.

மோட்டார்காரருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு வந்தது. மூச்சு முட்டியதா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினார்.

"அதாம்மா பயமா கீது. முட்டவே இல்ல. மூச்சு நல்லாத்தான் வுட்டுக்கினு இருந்தேன். திடீர்னு தூக்கம் வர்ற மாரி ஜாலியா இருந்திச்சு. இன்னும் ஒரு படி எறங்கலாம்னு தோணிச்சு."

அவர் இடுப்பில் நான் கொடுத்த பாட்டில் கட்டியபடியே இருந்தது. அலுமினியத் தாள் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் பளபளத்தது. உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அதை அவிழ்த்து வாங்கும்போது என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மூடியைச் சாத்தச் சொன்னது நான்தான், சாக்கு அடைத்ததும் நான்தான் என்று சொல்லி அழுதுவிட்டேன். அவர் தண்ணீர் கேட்டார். இஸ்திரிக்காரர் போய் சோடா வாங்கிவந்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நான் ஆட்டோவை நிறுத்தி வைத்திருந்தேன். மோட்டார்காரர் எழுந்தவர் அங்கேயே நின்று, "உள்ள இன்னாதான் கீது, அத்த சொல்லு மொதல்ல" என்றார். நான் சொல்ல ஆரம்பிப்பதற்குள் மாமி எழுந்து போய்த் தராசுத் தட்டை எடுத்துவந்தார். பட்டப்பகலில், வெயிலில், அகலை ஏற்றித் தட்டில் வைத்து ஓட்டைக்குள் இறக்கினார். தரை மட்டத்துக்குக் கீழே போனதும் சுடர் குறுகியது. ஆடாமல், நேராக நின்று, நீலமாகி, காணாமல் போனது. புகை மட்டும் மெல்ல மேலே வந்தது. நால்வரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"நானும் அப்டித்தான் அணைஞ்சிருப்பேன்" என்றார் மோட்டார்காரர்.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்து, சாயங்காலம்வரை படுக்கவைத்துப் பார்த்து, பயமில்லை என்று அனுப்பினார்கள். அவர் மனைவி வந்து கூட்டிப்போனார். அந்த அம்மாவிடம் மாமியைப் பற்றிச் சொன்னேன், என்னைப் பற்றியும் சொன்னேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "வூட்டுக்கு வந்துட்டாரே, போதும்" என்றார்.

வீடு திரும்பியபோது மாமி மறுபடி தலைக்குக் குளித்து, ஈரத்தலையோடு, கருகிப்போன குக்கரைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பூஜை பாதியில் நின்றுபோயிருந்தது. என்னால்தானே இவ்வளவும் என்று, மடி கெட்டுப்போனதற்காக மன்னிப்புக் கேட்டேன். மாமி தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"மடி போனா குளிச்சா வந்துடும். அவன் போயிருந்தா வருவானோ?"

அதற்கு மேல் அன்றைக்கு எங்களுக்குள் வாக்குவாதம் இல்லை. பிறகு ஒருநாள், "மூச்சை இழுத்துக்கறதுன்னு நான் சொன்னப்போ சிரிச்சியே" என்று மட்டும் ஒரு தடவை சொல்லிக்காட்டினார். சொல்லிக்காட்ட அவருக்கு எல்லா உரிமையும் உண்டு.

கிணற்று மூடி இருந்த இடத்தில் இப்போது கம்பி வலை போட்டாயிற்று. மோட்டாரையும் வெளியே தரைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். உள்ளே இறங்க வேண்டிய வேலையே இல்லை. நாங்கள் அந்த வீட்டைவிட்டு மாறிவிட்டாலும் ஒவ்வொரு கார்த்திகைக்கும் நான் அங்கே போகிறேன். மோட்டார்காரரும் வந்துவிடுகிறார். இஸ்திரி வண்டிக்காரரும் எட்டிப் பார்ப்பார். மாமி கயிற்றைப் பிடித்து விளக்கை இறக்குவார். தட்டு அந்த இடத்தைத் தாண்டும்வரை யாரும் பேசுவதில்லை. தாண்டிக் கீழே போய் விளக்கு நின்று எரிகிறபோது, மோட்டார்காரர் ஒரு பெருமூச்சு விடுவார். பிறகுதான் பொரி உருண்டை.

அந்த ஒளிர்ந்த குழாய் என் ஆராய்ச்சியில் ஒரு நல்ல முடிவாகப் பதிவாயிற்று. பேராசிரியருக்கு ரொம்ப சந்தோஷம். குறிப்பில் "பிழை" என்று எழுதியிருந்ததை நான் அடிக்கவில்லை, அப்படியே விட்டிருக்கிறேன். இன்றைக்கும் எந்த ஊர்த் தண்ணீரிலாவது இருட்டுக் குழாய் ஒளிர்ந்தால், அது ஏன் என்று யோசிப்பதற்கு முன்னால் அந்தத் தண்ணீர் எடுத்த வீட்டுக்குப் போன் போட்டு, அங்கே கிணற்றுக்குள் யாராவது இறங்கப் போகிறார்களா என்றுதான் கேட்கிறேன்.